கம்பி வழியே நடந்த அம்மாசி

என் காலத்தில் டெலிபோன் ரிசீவரைக் காதில் வைத்தால் போதும், எதிர்முனையில் இருப்பவர் மத்தியானம் என்ன குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார் என்பதை மூச்சின் வாடையிலேயே சொல்லிவிடுவேன். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. வாடையெல்லாம் கம்பியில் வராது. குரலை வைத்து, சாப்பிட்டாரா பட்டினியா என்பது வரைக்கும் சொல்வேன். அதிலும் பாதி தப்பாகப் போகும்.

ஆனால் எந்தப் பீற்றலும் இல்லாமல், ஒரு கம்பியில் எத்தனை காதுகள் ஒட்டியிருக்கின்றன என்று எண்ணிச் சொல்லக்கூடிய ஒரு மனிதர் எங்கள் மலையில் இருந்தார். அவர் பெயர் அம்மாசி. போன தை மாதம், மாரமங்கலம் பக்கத்தில் தன் சாமைக்காட்டை ஒட்டிய வீட்டில் இறந்துபோனார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். சரியான கணக்கு அவருக்கே தெரியாது. அவருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. எனக்குத் தெரியும். அவரைப் பற்றி நான் எழுதுவதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

நாகலூரைத் தாண்டி கொட்டச்சேடு போகிற பக்கம், ஒரே முதலாளி குடும்பத்துக்கு ஐந்து காப்பி எஸ்டேட்டுகள் இருந்தன. ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு டெலிபோன் கம்பி. அது சர்க்கார் போன் அல்ல, முதலாளியின் சொந்தக் கம்பி. ஏற்காட்டுக்கோ சேலத்துக்கோ பேச முடியாது. ஐந்து இடத்திலும் சுவரில் ஒரு மரப்பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் ஐந்து பெட்டியிலும் மணி அடிக்கும். யாருக்கான மணி என்பதை நீளத்தை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊத்துக்காட்டுக்கு மூன்று குறில். நடுக்காட்டுக்கு ஒரு நெடில், ஒரு குறில். பாறைக்காட்டுக்கு இரண்டு நெடில். என் கணவர் ஊத்துக்காட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர், நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர் என்பதால் இப்படித்தான் எனக்குக் கணக்கு வரும்.

பெட்டிக்கு மேலே பெயிண்டில் எழுதிய பலகை ஒன்று: உங்கள் மணி அல்லாதபோது எடுக்க வேண்டாம். அந்தப் பலகையைப் படித்துக்கொண்டே எல்லோரும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

அந்தக் கம்பியைக் காத்தவர்தான் அம்மாசி. இந்த மலையிலேயே பரம்பரையாக உழுது பிழைக்கிற குடும்பம். சாமைக்காடு ஆறு மாதச் சோறு போடும். மீதி ஆறு மாதத்துக்குக் கம்பிதான். சில்வர் ஓக் மரங்களில் பீங்கான் குமிழ் அடித்து, மரத்துக்கு மரம் கம்பி ஓடும். அதன் அடியிலேயே அவர் நடந்த தடமும் ஓடும். இடுப்பில் கொடுவாள், தோளில் கம்பளி, ஒரு துணிப்பையில் சோதித்துப் பார்க்கும் கைப்போன். மரத்தில் ஏறி அதன் இரண்டு கொக்கியையும் கம்பியில் மாட்டி, "அம்மாசி பேசறனுங்க, லைன் சரியாப் போச்சுங்க" என்பார். உடனே கழற்றிவிடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை, கேட்டதும் இல்லை. லைன் ஆள் ஒட்டுக்கேட்டால் வேலை போய்விடும். அவருக்கு முன்னால் இருந்தவருக்கு அப்படித்தான் போயிற்று. அந்தக் காலியிடத்தில்தான் இவர் வந்தார். அதனால் அந்த விஷயத்தில் அவருக்கு ஒரு வைராக்கியமே இருந்தது.

ஒரு தடவை, நான் பேசும்போது குரல் ஏன் இப்படிக் கம்முகிறது, கம்பியில் துரு ஏறிவிட்டதா என்று கேட்டேன்.

"துருவெல்லாம் இல்லீங்க டீச்சரம்மா," என்றார். "வாய்க்கால்ல தண்ணி வருதுன்னு வைங்க. ஒரு மடை தொறந்தா ஒருத்தன் காட்டுக்கு நல்லாப் பாயும். நாலு பேரு நாலு மடை தொறந்தா எல்லாருக்கும் சொட்டுதான். ஒவ்வொருத்தரு எடுக்க எடுக்கப் பேச்சு கொறஞ்சு போவுமுங்க."

அன்றிலிருந்து நானும் மடை எண்ணப் பார்த்தேன். எனக்கு இரண்டுக்கு மேல் பிடிபடவில்லை.

மற்ற நாட்களில் கம்பியில் போனது லாரி, மழை, ஆள் கணக்கு. கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் முடிகிற வரைக்கும் கதை வேறு. காப்பிப்பழம் பறிக்கிற சீசன் என்பதால் வேலை நிற்காது. ஆனால் முதலாளி குடும்பம் ஊருக்குப் போயிருக்கும், பள்ளிக்கூடம் லீவு, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆபீஸில் யாரும் அதட்டமாட்டார்கள். அப்போது போன் எங்கள் கைக்கு வரும். யார் வீட்டில் முறுக்கு, யார் வீட்டில் விருந்தாளி, யாருக்கு யார் வாழ்த்துச் சொல்லவில்லை என்று ஐந்து எஸ்டேட்டும் ஒரே பேச்சாகக் கிடக்கும். இரண்டு பேர் பேசுவோம், மற்றவர்கள் மௌனமாக இருப்பார்கள். மௌனமாக இருப்பவர்களைக் குறிப்பிடாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. குரல் கம்மினால் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசுவோமே தவிர, யாரது என்று கேட்கமாட்டோம்.

அந்த மரியாதைதான் 1978 டிசம்பரில் எங்கள் காலை வாரிவிட்டது.

பாறைக்காட்டு ஜெயமேரிக்கு அப்போது இருபத்தாறு வயது. அவள் கணவர் அந்த எஸ்டேட்டின் தபாலும் போனும் பார்த்த கிளார்க். ஜூலை மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். அந்த வேலையை மேனேஜர் ஜெயமேரிக்கே கொடுத்தார். சேலத்தில் இருந்த அவள் அண்ணன், நாலு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு மலையில் தனியாக இருக்க வேண்டாம், இறங்கி வந்துவிடு என்று எழுதிக்கொண்டே இருந்தார். அவளுக்கு இஷ்டமில்லை. அண்ணி வீட்டில் ஒரு மூலை, மலையில் சொந்தச் சம்பளம்; எது வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. பொங்கலுக்குள் பதில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

அவளுக்கு மலையில் இருந்த பெரிய துணை நடுக்காட்டு ஸ்டோர்கீப்பர் மனைவி ராசம்மாள். நாற்பது வயது, வாய் கொஞ்சம் கூர்மை, கை அதைவிடத் தாராளம். காமாலை வந்த பதினேழு நாளும் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து எடுத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தவள் அவள்தான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் நான் ராசம்மாளைக் கூப்பிட்டேன். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாறைக்காட்டில் காகித நட்சத்திரம் கட்டியிருப்பதாகக் காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். என்னிடம் விஷயம் இல்லாவிட்டால் நான் விஷயம் செய்துவிடுவேன் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"ஏன் ராசம்மா, பாறைக்காட்டுல கட்டியிருக்கற நட்சத்திரத்தப் பாத்தியா?"

"இல்லீங்களே டீச்சரம்மா. நட்சத்திரமா? ஜெயமேரி ஊட்டுலயா?"

"ஆள் ஒசரம் இருக்குது. அஞ்சு முனைக்கும் அஞ்சு கலரு. சேலம் ஜங்ஷன்ல ரயிலுக்கு நிக்கறவன் அண்ணாந்து பாத்து, வெள்ளி மொளச்சிருச்சு, விடிஞ்சிருச்சுன்னு நெனச்சு டீக்கடைக்குப் போறானாமா."

ராசம்மாள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பிறகு அவள் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"புருசன் போயி இன்னும் ஆறு மாசம் முழுசா ஆவல. அதுக்குள்ள நட்சத்திரம் கேக்குதாக்கும். தாலி எறங்குன கழுத்துக்குத் தோரணம் ஒரு கேடா?"

அப்போது கம்பியில் ஒரு குழந்தையின் குரல் கேட்டது. "அம்மா, யாரும்மா போன்ல? அம்மா, ஏம்மா?" உடனே ஒரு கிளிக். அதன் பிறகு ராசம்மாளின் மூச்சு எனக்குப் பக்கத்தில் நிற்பவள் மூச்சைப் போலத் தெளிவாகக் கேட்டது. ஒரு மடை அடைபட்டுவிட்டது.

நாங்கள் இருவரும் ரிசீவரை வைத்தோம்.

மறுநாள் காலை ராசம்மாள் பாறைக்காட்டுக்கு நடந்தாள். அன்று பனி மத்தியானம் வரைக்கும் விலகவில்லை. ஜெயமேரி கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தாள். ராசம்மாள் காப்பியைத் தொடாமல் அழுதாள். நட்சத்திரம் உள்ளே ஜன்னல் ஓரம் தொங்கியது. முறம் அளவுதான் இருந்தது. போன வருஷம் ஜெயமேரியின் கணவர் மூங்கில் பிளாச்சு கட்டிவிட்டுக் காகிதம் ஒட்டாமல் விட்ட சட்டம். குழந்தை கேட்டது என்று இவள் காகிதம் ஒட்டியிருக்கிறாள்.

"நாக்குல சனி பூந்துருச்சு சாமி. என்னய மன்னிச்சிரு," என்றாளாம் ராசம்மாள்.

"பரவாயில்லீங்கக்கா," என்றிருக்கிறாள் ஜெயமேரி. "ஆனா இங்க வந்து எங்கிட்டச் சொல்றீங்க. நீங்க பேசுனத நான் ஒருத்தியா கேட்டேன்? இனி ஒவ்வொருத்தர் மொகத்தப் பாக்கறப்பவும், இவங்க கேட்டாங்களா, கேக்கலியான்னு நான் எண்ணிட்டே இருக்கோணும். அது முடியாதுங்கக்கா. நான் எங்கண்ணன் ஊட்டுக்கே போயிக்கறேன்."

அதற்குப் பிறகு பாறைக்காட்டுப் போனில் வேலைப் பேச்சைத் தவிர ஒன்றும் வரவில்லை. மணி அடித்தால் எடுப்பாள். செய்தியை வாங்குவாள். "சரிங்க, தேங்க்ஸ்ங்க," என்று வைத்துவிடுவாள். அவ்வளவு மரியாதையான குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

ராசம்மாள் என்னிடம் வந்தாள். "யாரெல்லாம் கேட்டாங்களோ அவுங்க முன்னாடியே தப்புன்னு சொல்லறனுங்க டீச்சரம்மா. ஆனா யாரு கேட்டா?"

அதுதான் சிக்கல். யாருமே கேட்கவில்லை. கோயில்காட்டு ரைட்டர் ஏசுராஜை நாகலூர் கடையில் பார்த்து, சும்மா விசாரிப்பது போலக் கேட்டேன். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிறவர். "நான் மத்தவங்க மணிக்குப் போனைத் தொடறதே இல்லீங்க டீச்சர்," என்றார், நான் தொட்டாயா என்று கேட்பதற்கு முன்னாலேயே. மேல்காட்டில் இருந்தது மேனேஜரின் பங்களா. அங்கே போய்க் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. கேட்ட தப்பு பேசிய தப்பைவிடச் சின்னதுதான். ஆனால் சின்னத் தப்பை ஒப்புக்கொள்வதுதான் மனிதர்களுக்குக் கஷ்டம்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு காலை, அம்மாசி பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, ஒரு வார்த்தைங்க."

"லைன் சரியில்லையாண்ணா?"

"லைன் நல்லாத்தானுங்க இருக்குது. அதுல போன பேச்சுதான் சரியில்ல." கம்பளியை மறு கக்கத்துக்கு மாற்றினார். "ஜெயமேரியம்மா போறாங்களாமா?"

"ஆமாண்ணா. ராசம்மா போயி, கால்ல விழாத கொறையாக் கேட்டுட்டா. இனி என்ன பண்றது?"

"ஊட்டு நடையில போயிக் கேட்டாப் பத்துமுங்களா? எங்கூருல கூட்டத்துல ஒருத்தர ஏசிட்டா, கூட்டத்துலதானுங்க திரும்ப எடுக்கோணும். நடையில எடுத்தா ஏச்சு கூட்டத்துலயே நிக்கும், மன்னிப்பு ஊட்டுக்குள்ள கெடக்கும். ரெண்டும் பாத்துக்கவே பாத்துக்காது."

"கூட்டம் எங்கண்ணா இருந்துச்சு? பேசுனது நானும் ராசம்மாவும். கேட்டது பாவம் அந்தப் பொண்ணு. மத்தவங்க கேக்கலைங்கறாங்க, ஆக மூணு பேரு."

"ஆறு பேருங்க."

நான் சிரித்தேன். "அதெப்படி? பக்கத்துல நின்னு எண்ணுனீங்களா?"

"நீங்க ரயிலு ஜங்ஷன்னு சொல்லிட்டு இருக்கறப்ப ஒரு மடை தொறந்துச்சுங்க. அப்பறம் இன்னொண்ணு. ராசம்மாக்கா அந்தப் பேச்சப் பேசறப்ப அஞ்சு மடையும் தொறந்து கெடந்துச்சு, அஞ்சு எஸ்டேட்டும். அதுபோக ஒண்ணு."

"ரயிலு ஜங்ஷன்னு நான் சொன்னது உங்களுக்கு எப்படித்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன்.

"ஆறாவது மடை நானுங்க," என்றார்.

பாறைக்காட்டு வளைவில் ஒரு கிளை முறிந்து கம்பியில் சாய்ந்திருந்ததாம். அதை வெட்டிவிட்டு, சோதித்துப் பார்க்கக் கொக்கியை மாட்டியிருக்கிறார். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "எப்பவும் கழட்டிப் போடுவனுங்க. அன்னைக்கு ரயிலு நட்சத்திரம்னு கேக்கச் சிரிப்பா இருந்துச்சு. கை வரல. பதினெட்டு வருசத்துல அந்த ஒரு நாளுதானுங்க."

அந்த ஒரு நாளும் என் கதையால்தான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு எட்டியது.

"இத வெளிய சொல்லாதீங்கண்ணா," என்றேன். "வேலை போயிரும்."

"சொல்லாம எப்படிங்க? நீங்க கேட்டீங்களான்னு அடுத்தவங்களப் போயிக் கேக்கோணும்னா, நான் கேட்டனுங்கன்னு மொதல்ல சொல்லோணுமில்ல. கம்பில போன பேச்சுங்க. கம்பி என் பொறுப்பு."

அவர் நேராக மேல்காட்டுக்குத்தான் போனார். பங்களாவில் சமையல் செய்த பெரியண்ணன் பிற்பாடு சொன்னதை வைத்து எழுதுகிறேன். அம்மாசி வாசலில் நின்று, நடந்ததைச் சொல்லி, தான் கேட்டதையும் சொல்லி, போகியன்று மத்தியானம் மூன்று மணிக்கு லைனை அரை மணி நேரம் விட்டுக்கொடுக்கும்படி கேட்டிருக்கிறார்.

"ரூல் தெரியுமில்ல?" என்றாராம் மேனேஜர்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சேதான் வந்து சொல்றியா?"

"ஆமாங்க."

மேனேஜர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாராம். "போகிக்கு எடுத்துக்க. மத்தது பொங்கல் கழிச்சுப் பேசிக்கலாம்."

மத்தது என்றால் என்ன என்று அம்மாசிக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு இறங்கி, கம்பி வழியே கோயில்காட்டுக்கு நடந்தார். ஏசுராஜ் முதலில் கோபித்துக்கொண்டார். "என்னைப் பாத்தா ஒட்டுக்கேக்கற ஆளாத் தெரியுதா?" என்றார். அம்மாசி வாதாடவில்லை. "நான் கேட்டனுங்க ரைட்டரய்யா. இப்பத்தான் மேனேஜர்கிட்டச் சொல்லிட்டு வர்றன். போகியன்னைக்கு மூணு மணிக்கு லைன்ல வந்து பேரச் சொல்லப்போறோமுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். ஏசுராஜ் ஆபீஸுக்குள் போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியில் ஒரு டம்ளர் காப்பியோடு வெளியே வந்து, அதை அம்மாசியிடம் நீட்டி, "எத்தனை மணிக்குன்னு சொன்னே?" என்று கேட்டாராம்.

கடைசியாகப் பாறைக்காடு. ஜெயமேரி தபால் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரெல்லாம் கேட்டாங்கன்னு எண்ணிட்டே இருக்க முடியாதுன்னு சொன்னீங்களாமா. நீங்க எண்ண வேண்டாம். அவுங்களே பேரச் சொல்லுவாங்க," என்றார் அம்மாசி.

"சொல்லுவாங்களாண்ணா?"

"சொன்னா எடுத்துக் கேளுங்கம்மா. சொல்லலீன்னா வச்சிருங்க. போகிக்கு மூணு மணிக்கு ரெண்டு நெடு மணி வரும்."

அண்ணனுக்கு எழுதிய கடிதம் அந்தப் பைக்குள்தான் இருந்தது. அதை அவள் வெளியே எடுத்து மேஜையில் வைத்ததை அம்மாசி பார்த்தார்.

போகியன்று மூன்று மணிக்கு இரண்டு நெடு மணி அடித்தது. ஊத்துக்காட்டு ஆபீஸில் நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். பாறைக்காட்டு வளைவில், அதே மரத்தின் மேல் உட்கார்ந்து, கைப்போனின் கைப்பிடியைச் சுற்றி அம்மாசி மணியடித்திருக்கிறார். வெளியே எங்கோ பழைய பாய் எரிகிற வாடை வந்தது. இது ஜன்னல் வழியாக வந்தது, கம்பி வழியாக அல்ல.

"அம்மாசி பேசறனுங்க," என்றார். "டிசம்பர் மாசம், கிறிஸ்துமஸ் மறுநாளு, பேசக்கூடாத பேச்சு இந்தக் கம்பில போச்சு. நான் கேட்டன். கேட்டிருக்கக் கூடாது."

அடுத்தது நான் என்று பேசிவைத்திருந்தோம். ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாள் முழுதும் கத்துகிறவளுக்கு நான்கு வார்த்தை லேசில் வரவில்லை. "ஊத்துக்காட்டு டீச்சர் பேசறேன். அந்த நட்சத்திரத்தைப் பத்தி நான் சொன்னது அத்தனையும் பொய். நான் அதக் கண்ணால பாக்கவே இல்ல. நான் சொல்லாம இருந்தா ராசம்மா பேசியிருக்க மாட்டா."

ஒரு கிளிக். குரல்கள் கம்மின. "கோயில்காடு ஏசுராஜ். நானும் கேட்டேன். கேக்கலைன்னு ஊரெல்லாம் பொய்யும் சொன்னேன்."

அப்போது இன்னொரு கிளிக். இரைச்சல் இன்னும் ஒரு படி இறங்கியது. அம்மாசி காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். பெயர் வரவில்லை. அது மேல்காடு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்; மூச்சைப் பிடித்திருந்தாலும் அங்கே ஓர் ஆள் இருப்பது தெரிந்தது.

"செரிங்க," என்றார் அம்மாசி, அந்த மௌனத்துக்கும் மரியாதையாக. "ராசம்மாக்கா, நீங்க சொல்லுங்க."

ராசம்மாள் ஒரு வாரமாக மனப்பாடம் செய்துவைத்த பேச்சு நீளமானது. எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். ஆனால் அத்தனை மடையும் திறந்து கிடந்த கம்பியில் குரல் எறும்பு ஊர்வது போலத்தான் வந்தது. உரக்கச் சொன்னால்தான் கேட்கும். அவளோ உரக்கச் சொல்லவில்லை. கத்தி மன்னிப்புக் கேட்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். நாங்கள்தான் அசையாமல் நின்றோம். என் வளையல் ரிசீவரில் இடித்துவிடக் கூடாது என்று மறு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜெயமேரி," என்றாள் ராசம்மாள். "அந்தப் பேச்சு தப்பு. அது என்ர தப்பு. உன்ர வருத்தம் எத்தனைன்னு அளக்க நான் யாரு? எல்லாரும் கேட்டாங்க. இப்ப இதையும் எல்லாரும் கேக்கறாங்க."

ஜெயமேரி வைத்துவிட்டாளோ என்று பயந்தேன். வைத்திருந்தால் இரைச்சல் ஏறியிருக்கும், ஏறவில்லை.

"சரிங்கக்கா," என்றாள் ஜெயமேரி. "மன்னிச்சுட்டேனுங்க. எல்லாரையுந்தான்." பிறகு, "அம்மாசியண்ணா, எறங்கி வாங்க. காப்பி போடறேன்," என்றாள்.

அந்தக் கடிதம் தபாலில் போகவில்லை. வேறொன்று போயிற்று, தான் இங்கேயே இருந்துகொள்வதாக. பொங்கல் கழிந்தது, காணும் பொங்கலும் கழிந்தது. மேனேஜர் அம்மாசியைக் கூப்பிடவே இல்லை. ஒட்டுக்கேட்டதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குகிற உத்தரவில் கையெழுத்துப் போட அவருக்கும் கை வரவில்லை போலும்.

அதிலிருந்து எங்கள் கம்பியில் ஒரு வழக்கம் வந்தது. யார் மணிக்கு யார் எடுத்தாலும், எடுத்தவுடன் பெயரைச் சொல்லிவிடுவோம். "ஏசுராஜ் இருக்கேனுங்க, பேசுங்க." "டீச்சர் கேட்டுட்டு இருக்கேன்." விடுமுறைக் காலத்தில் பேச்சு பாதியாகக் குறைந்துபோனது என்னவோ உண்மை. நான்தான் நிறைய நஷ்டப்பட்டேன். அம்மாசியும் மரத்தில் கொக்கியை மாட்டினால், "அம்மாசி வந்துட்டனுங்க," என்பார். கழற்றும்போது, "போறனுங்க," என்பார். எண்பத்தொன்பதில் சர்க்கார் போன் வந்து அந்தக் கம்பியைச் சுருட்டி எடுக்கிற வரைக்கும் அப்படித்தான். சுருட்டியதும் அவர்தான்.

அவர் சாவுக்கு நானும் போயிருந்தேன். அவர் மகள் வள்ளியிடம், உன் அப்பா எங்களுக்குச் செய்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். வீட்டில் சொல்லவே இல்லையாம். கம்பியில் போனதை ஊட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

இதுவரை எழுதியதை ஜெயமேரிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். ராசம்மாளும் அம்மாசியும் போய்விட்டார்கள்; கேட்டுச் சரிபார்க்க அவள் ஒருத்திதான் மிச்சம். ஏசுராஜைப் பற்றி எழுதியதற்குச் சிரித்தாள். வேலை கொடுத்த மனிதரைக் குறைத்துச் சொல்லாதீங்க என்று மேனேஜருக்காகப் பரிந்து பேசினாள். போகி மத்தியானம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"டீச்சரக்கா, அத மாத்தி எழுதுங்க. மன்னிச்சுட்டேன்னு அன்னைக்கு நான் சொன்னது நெசம். ஆனா மன்னிக்கல. அத்தன பேரு பேரச் சொல்லிட்டு மூச்சப் புடிச்சுட்டு நின்னீங்க. நமக்காக ஒரு மனுசன் சோத்தப் பணயம் வச்சுட்டு மரத்து மேல உக்காந்திருந்தாரு. இல்லீங்கன்னு எப்படிச் சொல்லுவேன்? அதான் சரிங்கன்னேன். அப்பறம் ராசம்மாக்கா வருவாங்க, போவாங்க. நானும் போவேன், வருவேன். எப்ப மன்னிச்சேன்னு எனக்கே தெரியல. ஒரு நா அவங்க ஊட்டுல உக்காந்து சோறு தின்னுட்டு இருக்கறப்ப மனசுக்குள்ள தேடிப் பாத்தேன். கோவம் இல்லீங்க. அந்தப் போகி கழிஞ்சு ஒண்ணர வருசம் ஆயிருந்துச்சு."